விலை பேசும் கையும் விதி எழுதும் கையும்

1995-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடைகளில் 70 டாலருக்கு விற்ற நைக்கி பெகாசஸ் ஓட்டக் காலணியின் விலையை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கூறு கூறாகப் பிரித்துக் காட்டியது. மூலப்பொருளுக்கு 9 டாலர். ஆலை வாடகைக்கும் இயந்திரங்களுக்கும் 3 டாலர். ஆசியாவில் அதைத் தயாரித்துக் கொடுத்த ஆலை முதலாளிக்கு லாபம் 1.75 டாலர். சுங்க வரி 3 டாலர், கப்பல் கூலி அரை டாலர். வெட்டியவர், தைத்தவர், பசை தடவியவர், பெட்டியில் அடைத்தவர் என அத்தனை பேருக்கும் சேர்த்துக் கூலி 2.75 டாலர். ஆக, 20 டாலர் அடக்கத்தில் சரக்கு நைக்கியின் கைக்கு வந்தது. அதன்மேல் விளம்பரச் செலவு 4 டாலர், நிர்வாகமும் விநியோகமும் 5 டாலர், ஆராய்ச்சி 25 சென்ட், நைக்கியின் லாபம் 6.25 டாலர். 35.50 டாலருக்குக் கடைக்காரர் வாங்கினார். மிச்சமுள்ள பாதி கடை வாடகைக்கும் சிப்பந்திகளுக்கும் கடைக்காரர் லாபத்துக்கும் போனது. இந்தக் கணக்கில் தொழிலாளர் கூலியை அப்படியே இரண்டு மடங்காக்கினால் கூடுவது 2.75 டாலர்தான், இடையில் இருப்பவர்கள் அந்தக் கூடுதலின் மேல் தங்கள் சதவீதத்தை ஏற்றாத வரை, கடை விலையில் அது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய தொகைக்காக இத்தனை ஆண்டுகளாக ஏன் இத்தனை சண்டை? விளையாட்டு உடை, காலணித் துறையின் தொழிலாளர் பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கெட்ட மனம் படைத்த முதலாளிகளைத் தேடிப் போனால் விடை கிடைக்காது. இந்தத் துறையில் போட்டியிட்டு ஜெயிப்பதற்காக வகுத்துக்கொண்ட வழிமுறையிலேயே விடை இருக்கிறது.

அந்த வழிமுறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் நைக்கியின் நிறுவனர் ஃபில் நைட். ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மை படிக்கும்போது அவர் எழுதிய ஒரு கட்டுரையின் மையம் இதுதான்: ஜப்பானிய கேமராக்கள் ஜெர்மன் கேமராக்களைச் சந்தையிலிருந்து விரட்டியதைப்போல, மலிவான ஜப்பானியக் காலணிகள் ஜெர்மன் காலணிகளை விரட்ட முடியுமா? அன்றைக்கு விளையாட்டுக் காலணி என்றால் அடிடாஸும் பூமாவும்தான்; இரண்டும் ஜெர்மனியின் ஒரே சிற்றூரில், ஒன்றாகத் தொழில் செய்து பிரிந்த டாஸ்லர் சகோதரர்கள் நடத்தியவை. 1964-இல் நைட்டும் அவருடைய தடகளப் பயிற்சியாளர் பில் பௌவர்மனும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் காலணிகளை இறக்குமதி செய்து விற்றார்கள். 1971-இல் நைக்கி என்ற பெயரில் சொந்தக் காலணி வந்தது. ஜப்பானில் கூலி ஏறியதும் தயாரிப்பு கொரியாவுக்கும் தைவானுக்கும் போனது. நைக்கி அமெரிக்காவில் சில ஆலைகளையும் நடத்திப் பார்த்தது. 1980-களில் அவற்றை மூடிவிட்டது. வடிவமைப்பும் விளம்பரமும் தன்னிடம், தயாரிப்பு பிறரிடம் என்பது உறுதியான கொள்கையாயிற்று. 1984-இல் மைக்கேல் ஜோர்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, லாபம் உருவாவது தையல் எந்திரத்திலா தொலைக்காட்சித் திரையிலா என்ற சந்தேகம் இந்தத் துறையில் யாருக்கும் இருக்கவில்லை. அடிடாஸும் பூமாவும் ரீபோக்கும் அதே பாதையில் வந்து சேர்ந்தன.

இந்த ஏற்பாட்டில் பிராண்டுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய அனுகூலம் மலிவான கூலி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதைவிடப் பெரியது, எங்கும் கட்டுப்படாமல் இருக்கும் வசதி. நிலம் வாங்குவது, கட்டடம் கட்டுவது, இயந்திரம் இறக்குவது, ஆள் எடுத்துப் பழக்குவது, வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவது எல்லாம் ஆலை முதலாளியின் பாடு. பிராண்டிடம் இருப்பது ஆர்டர் மட்டும். அந்த ஆர்டரை அடுத்த சீசனில் வேறு நாட்டுக்கு மாற்றலாம். 1987-இல் தென்கொரியாவில் ஜனநாயகத்துக்கான எழுச்சியோடு தொழிலாளர் போராட்டங்களும் வெடித்தன. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன, கூலி வேகமாக ஏறியது. உலகத்தின் காலணித் தலைநகராக இருந்த பூசானின் ஆலைகளிலிருந்து ஆர்டர்கள் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும், பிறகு வியட்நாமுக்கும் நகர்ந்தன. பெரும்பாலும் அதே கொரிய, தைவான் முதலாளிகள்தான் அங்கேயும் போய் ஆலை போட்டார்கள், மாறியது தொழிலாளிகள்தான். 2024 நிதியாண்டில் நைக்கி பிராண்டுக் காலணிகளில் பாதி வியட்நாமிலும், 27 சதவீதம் இந்தோனேசியாவிலும், 18 சதவீதம் சீனாவிலும் தயாராயின. அந்த ஆண்டு நைக்கியின் விற்பனை 5,100 கோடி டாலருக்கு மேல். விளம்பரத்துக்கும் விளையாட்டு வீரர் ஒப்பந்தங்களுக்கும் செலவிட்டது 400 கோடி டாலருக்கு மேல்.

எளிதில் பெயர்ந்து போகக்கூடியவரோடு பேரம் பேசுகிறவருக்கு எப்போதும் தாழ்ந்த கைதான். ஆலை முதலாளி அந்தத் தாழ்வைத் தனக்குக் கீழே இருப்பவர் மீது இறக்குகிறார். 1992-இல் ஹார்பர்ஸ் இதழில் ஜெஃப் பாலிஞ்சர் என்ற தொழிலாளர் உரிமைச் செயற்பாட்டாளர், இந்தோனேசிய ஆலையில் நைக்கிக் காலணி செய்த ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டையே அச்சிட்டு அதற்கு உரை எழுதினார். மணிக்கு 14 சென்ட் என்ற கணக்கு அதில் வெளிப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து லைஃப் இதழில், பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் ஒரு சிறுவன் நைக்கிச் சின்னமிட்ட கால்பந்தைத் தைத்துக்கொண்டிருக்கும் படம் வந்தது. 1997-இன் இறுதியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இன்னும் கனமானது, ஏனென்றால் அது எதிராளிகளின் குற்றச்சாட்டு அன்று. நைக்கியே காசு கொடுத்து எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் மூலம் வியட்நாம் ஆலை ஒன்றில் செய்த தணிக்கையின் அறிக்கை, வெளியே கசிந்துவிட்டது. ஹோ சி மின் நகருக்கு அருகே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அந்த ஆலையில், சில பகுதிகளில் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்கள் உள்ளூர்ச் சட்ட வரம்பைப்போல 177 மடங்கு இருந்தன. 77 சதவீதத் தொழிலாளர்களுக்கு மூச்சுக் கோளாறு. வாரத்துக்கு 65 மணி நேர வேலை, சுமார் 10 டாலர் சம்பளம். அதே ஆண்டின் நடுவில், நைக்கி அமர்த்திய ஆண்ட்ரூ யங் ஆசிய ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய குறை எதுவும் இல்லை என்ற தொனியில் அறிக்கை கொடுத்திருந்தார். அவர் ஐ.நா.வுக்கான முன்னாள் அமெரிக்கத் தூதர், சிவில் உரிமை இயக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நின்றவர். ஆனால் தொழிலாளர்களோடு அவர் பேசியது நைக்கி ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர்களின் உதவியோடு. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அப்படிக் கேட்டால் உண்மை காதில் விழாது.

1998 மே மாதத்தில் வாஷிங்டன் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் ஃபில் நைட் பேசினார். நைக்கி என்ற பெயரே அடிமைக் கூலிக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் மனம்போன கொடுமைக்கும் மறுபெயராகிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். காலணி ஆலைகளில் 18 வயதுக்குக் கீழ், துணி ஆலைகளில் 16 வயதுக்குக் கீழ் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது, காற்றின் தரம் அமெரிக்க அளவுகோலுக்கு வர வேண்டும் என்று வாக்குறுதி தந்தார். இதில் பெரும்பகுதி நடந்தது. பழைய கரைப்பான் பசைகளுக்குப் பதிலாக நீர் கலந்த பசைகள் வந்தன. 2005-இல் நைக்கி தன் சரக்கைத் தயாரிக்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிட்டது. துறையில் பெரிய நிறுவனங்களில் அதுதான் முதல். அதுவரை வணிக ரகசியம் என்று சொல்லிவந்த தகவல் அது. வெளியிட்டதால் நைக்கி சந்தையை இழக்கவில்லை. அடிடாஸ், பூமா உள்ளிட்ட ஒவ்வொரு பிராண்டிலும் நடத்தை விதிகள், தணிக்கைக் குழுக்கள், ஆண்டறிக்கைகள் வந்தன. ஒன்றுமே மாறவில்லை என்று சொல்பவர்கள் இந்த மாற்றத்தால் நுரையீரல் பிழைத்த தொழிலாளர்களைக் கணக்கில் எடுக்காமல் பேசுகிறார்கள்.

ஆனால் எது மாறியது, எது மாறவில்லை என்று வகை பிரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குழந்தைத் தொழில், தீயணைப்புக் கருவி, அவசர வழி, கழிப்பறை, முகக்கவசம், பசையின் நெடி ஆகியவை சீர்பட்டன. தணிக்கைக்கு வருபவர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளக்கூடியவை இவை. ஒருமுறை செலவழித்தால் தீர்ந்துபோகும். கூலி, கட்டாய ஓவர்டைம், சங்கம் வைக்கும் உரிமை, சூப்பர்வைசரின் வசவு ஆகியவை மிக மெதுவாக நகர்ந்தன அல்லது நகரவே இல்லை. ஸ்டெஃபனி பாரியன்டோஸ், சாலி ஸ்மித் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நடத்தை விதிகளின் விளைவை ஆராய்ந்தபோது இதையேதான் கண்டார்கள்: கண்ணுக்குத் தெரியும் பலன்களில் முன்னேற்றம், கூடிப் பேசும் உரிமை போன்றவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பின்னால் சொன்னவை அனைத்தும் பிராண்டின் போட்டி வழிமுறையை நேரடியாகத் தொடுபவை. கூலி என்றால் கொள்முதல் விலை. ஓவர்டைம் என்றால் டெலிவரித் தேதி. சங்கம் என்றால், ஆர்டரை மாற்றினால் எதிர்த்துக் கேட்க ஓர் அமைப்பு. வழிமுறையைத் தொடாத சீர்திருத்தம் நடந்தது. தொடுகிற சீர்திருத்தம் நின்றது.

ஓர் ஆர்டர் எப்படி ஆலைக்குள் இறங்குகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கு இது புதிதல்ல. பையிங் ஆபீஸிலிருந்து மெர்ச்சண்டைசர் பேசுகிறார்: போன தடவை கொடுத்த விலையைவிட இந்தத் தடவை கொஞ்சம் குறைக்க வேண்டும், பங்களாதேஷில் குறைவாகத் தருகிறார்கள். ஒப்புக்கொண்ட பிறகு சாம்பிள் அனுமதி தாமதமாகிறது, நிறம் மாறுகிறது, எண்ணிக்கை கூடுகிறது. ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறுவதில்லை. தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு ஆலை தலையில். ஆக, மூன்று வாரத்தில் முடிக்க வேண்டியதைப் பத்து நாளில் முடிக்க லைன் முழுக்க இரவு பத்து மணி வரை உட்காருகிறது. மறுமாதம் அதே பிராண்டின் இன்னொரு துறையிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஏன் வேலை வாங்கினீர்கள் என்று கேட்கிறார். விலையையும் தேதியையும் வைத்த கை ஒன்று, விதியை எழுதிய கை இன்னொன்று. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன; முதல் கையில்தான் பணம் இருக்கிறது. ஆலைக்காரர் அதைப் பார்த்து நடந்துகொள்கிறார். இரண்டாம் கைக்கு வேறொரு வருகைப் பதிவேட்டைத் தயார் செய்து வைக்கிறார்.

இந்த முரண்பாட்டை ஆய்வால் நிறுவியவர்களில் முக்கியமானவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் லாக். நைக்கி தன் தணிக்கைப் பதிவுகளை அவருக்குத் திறந்துகொடுத்தது; அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். 51 நாடுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். தணிக்கை முறை வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், ஏறத்தாழ 80 சதவீத ஆலைகளில் நிலைமை அப்படியே இருந்தது அல்லது மோசமானது என்று அவருடைய குழு 2007-இல் எழுதியது. மெக்சிகோவில் நைக்கிக்கு டி-சர்ட் தைத்த இரண்டு ஆலைகளை அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தணிக்கை மதிப்பெண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போனால் ஒன்றில் கூலி அதிகம், தொழிலாளர்கள் குழுவாக வேலை செய்து தங்களுக்குள் பணியை மாற்றிக்கொண்டார்கள், ஓவர்டைமில் அவர்களுக்கும் சொல் இருந்தது. இன்னொன்றில் கூலி குறைவு, கட்டாய ஓவர்டைம், சூப்பர்வைசர் வைத்ததுதான் சட்டம். வேறுபாடு எங்கே என்றால் உற்பத்தி முறையிலும், பிராண்டுக்கும் ஆலைக்கும் இருந்த உறவின் நெருக்கத்திலும். பின்னர் லாக், டிஸ்டல்ஹார்ஸ்ட், ஹைன்முல்லர் மூவரும் செய்த ஆய்வில், வீண்செலவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டும் புதிய உற்பத்தி முறைக்கு மாறிய நைக்கி ஆலைகளில், சம்பளம், வேலைநேரம் தொடர்பான விதிமீறல் 15 சதவீதப் புள்ளிகள் குறைந்தது தெரிந்தது. தணிக்கையாளரைக் கூடுதலாக அனுப்பியதால் வந்த பலன் அன்று இது. போட்டியிடும் விதம் மாறியது, தொழிலாளியின் நாளும் கொஞ்சம் மாறியது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பொருளாதார அறிஞர்களே முன்வைப்பது. பால் க்ரூக்மன் 1997-இல் எழுதிய கட்டுரை ஒன்று அதன் தெளிவான வடிவம். இந்த ஆலைகளின் கூலி அமெரிக்கக் கண்ணுக்குக் குறைவு, ஆனால் வயலில் கிடைப்பதைவிட, குப்பைமேட்டில் பொறுக்கிக் கிடைப்பதைவிட அதிகம். அழுத்தம் கொடுத்தால் ஆலை போய்விடும், ஏழையின் வேலையும் போய்விடும். இதில் பாதி உண்மை. கொரியாவும் தைவானும் இந்த வழியில்தான் மேலேறின. கிராமத்துப் பெண் கையில் முதன்முதலாகச் சொந்தச் சம்பளம் வந்ததன் மதிப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அழுத்தம் கொடுத்தால் வேலை போகும் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. ஆன் ஹாரிசன், ஜேசன் ஸ்கோர்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். 1990-களில் இந்தோனேசியாவில் நைக்கி, அடிடாஸ், ரீபோக் ஆகியவற்றுக்கு எதிரான பிரசாரம் குறிவைத்த பகுதிகளின் துணி, காலணி ஆலைகளை மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டார்கள். 2010-இல் வெளியான முடிவு: பிரசாரத்தின் இலக்கான ஆலைகளில் உண்மைக் கூலி குறிப்பிடத்தக்க அளவு கூடியது. லாபம் குறைந்தது, சில சிறிய ஆலைகள் மூடப்பட்டன, ஆனால் மொத்த வேலைவாய்ப்பில் சொல்லத்தக்க இழப்பு இல்லை. அதாவது, கூலியேற்றத்தைத் தாங்கும் இடம் அந்த விலைக்குள் ஏற்கெனவே இருந்தது. முதல் பத்தியின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கொரியாவின் கதையையும் முழுதாகப் படிக்க வேண்டும். அங்கே கூலி தானாக ஏறவில்லை, 1987-இல் தெருவில் இறங்கியவர்கள் ஏற்றினார்கள்.

இரண்டாவது வாதம்: ஆலை எங்களுடையதல்ல, அங்கே நடப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? 1990-களின் தொடக்கத்தில் நைக்கி வாய்விட்டே சொன்னது இது. இன்று யாரும் இப்படிச் சொல்வதில்லை, ஆனால் சட்ட நிலை பெரும்பாலும் இப்படித்தான். ஒரு காலணியின் தையல் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இருக்க வேண்டும், எந்தப் பசை, எந்த வெப்பநிலை, சின்னத்தின் விளிம்பு எவ்வளவு வளைய வேண்டும் என்பது வரை பிராண்டே முடிவு செய்கிறது. அதன் தரக் கண்காணிப்பாளர் ஆலைக்குள்ளேயே இருக்கிறார். ஒரு நூல் பிசகினால் சரக்கு திரும்புகிறது. அவ்வளவு தூரம் நீளும் அதிகாரம், நூலைப் பிடித்த விரலின் கூலி என்று வரும்போது மட்டும் வாசலில் நின்றுவிடுகிறது என்பதை ஏற்க முடியாது. அதோடு, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இன்னொரு வழியையும் பார்த்திருக்கிறோம். 2006-இல் சியால்கோட்டின் சாகா ஸ்போர்ட்ஸ் ஆலை, பந்துகளை வீடுகளுக்குக் கொடுத்துத் தைத்து வாங்குகிறது என்று தெரிந்ததும் நைக்கி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. பிராண்டின் பெயர் தப்பியது. விதியை மீறாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். தவறு செய்த ஆலையை விட்டு விலகுவது நேர்மை போலத் தெரியும். தொழிலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு தண்டனை.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. ஒரு பிராண்ட் மட்டும் தனியாக விலையை உயர்த்திக் கொடுத்தால் போட்டியாளர் மலிவாக விற்றுச் சந்தையைப் பிடித்துக்கொள்வார். ஆகவே நல்லெண்ணம் இருந்தாலும் யாராலும் முதல் அடி வைக்க முடியாது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால்தான் நல்லெண்ணத்தை நம்பச் சொல்லும் எல்லாத் திட்டங்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறேன். நல்லெண்ணத்தால் முடியாதது எப்போது முடிந்தது என்று தேடினால் ஒரே மாதிரியான சூழல்கள் கிடைக்கின்றன: தொழிலாளியைக் கைவிட்டால் பிராண்டுக்குத் திட்டவட்டமான நஷ்டம் என்று எங்கெல்லாம் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்ததோ, அங்கெல்லாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயர் பொறித்த பனியனும் தொப்பியும் பெரிய வியாபாரம். அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். மாணவர் போராட்டங்களின் விளைவாக அந்த உரிமங்களில் தொழிலாளர் நிபந்தனைகள் ஏறின. 2000-இல் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்ற தற்சார்பான கண்காணிப்பு அமைப்பும் உருவானது. ஹோண்டுராஸில் ரஸ்ஸல் அத்லெடிக் நிறுவனத்தின் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2009 தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. சங்கத்தை ஒழிக்கவே மூடினார்கள் என்று கண்காணிப்பாளர்கள் முடிவு செய்தபின், ஏறத்தாழ நூறு பல்கலைக்கழகங்கள் ரஸ்ஸலின் உரிமத்தை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. புதிய ஆலை திறந்து 1,200 பேரை மீண்டும் வேலைக்கு எடுக்கவும், சங்கத்தை அங்கீகரிக்கவும் ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை சங்கத்தோடு மீண்டும் திறப்பது இந்தத் துறையில் அபூர்வத்திலும் அபூர்வம்.

இன்னொன்று இந்தோனேசியாவில். 2011-இல் பி.டி. கிசோன் என்ற ஆலையின் முதலாளி நாட்டைவிட்டே ஓடிப்போனார். சுமார் 2,700 தொழிலாளர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணிநீக்க இழப்பீடு நின்றது. அந்த ஆலையில் வாங்கிய நைக்கி ஒரு பங்கு கொடுத்தது. அடிடாஸ், தனக்கு அந்தக் கடமை இல்லை என்று மறுத்தது. 18 லட்சம் டாலர் பாக்கி. கார்னெல் முதலான பல்கலைக்கழகங்கள் அடிடாஸோடு உறவை முறித்தன, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நீதிமன்றத்துக்கே போனது. 2013-இல் அடிடாஸ் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை முதலாளி ஓடிவிட்டால் தொழிலாளியின் பணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, விதிப் புத்தகங்கள் தராத விடையை ஓர் உரிம ஒப்பந்தம் தந்தது. அதே இந்தோனேசியாவில் 2011-இல் நைக்கி, அடிடாஸ், பூமா உள்ளிட்ட பிராண்டுகளும் ஆலைகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சங்கத்துக்கு அறிவிப்புப் பலகை, அலுவலகம், சங்க வேலைக்கு விடுப்பு என்று நடைமுறை விஷயங்களை அது எழுதிவைத்தது. முக்கியப் போட்டியாளர்கள் ஒரே நேரத்தில் கையெழுத்திட்டதால், முதல் அடி வைத்தவர் நஷ்டப்படுவார் என்ற பயம் அங்கே எழவில்லை. சட்டத்தால் செய்யக்கூடியதும் இதுவே. 2023 ஜனவரி முதல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், அடிடாஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அயல்நாட்டு ஆலைகளின் மனித உரிமை நிலையைக் கவனிப்பதைக் கடமையாக்கியது. போட்டியாளர் அனைவர் மீதும் ஒரே சமயத்தில் விழும் செலவு யாரையும் தோற்கடிக்காது.

ரோபோ வந்தால் இந்தப் பிரச்சினையே தீரும் என்றும் சிலர் சொல்வார்கள். அடிடாஸ் ஜெர்மனியிலும் அட்லாண்டாவிலும் பெரிய ஆரவாரத்தோடு தானியங்கி ஆலைகளைத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே மூடுவதாக 2019-இல் அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசிய ஆலைகளுக்கு அனுப்பிவிட்டது. காலணி இன்னும் வெகுகாலம் மனிதக் கைகளால்தான் உருவாகும்.

அந்தக் கைகளில் கணிசமானவை இனி தமிழ்நாட்டுக் கைகள். நைக்கிக்குக் காலணி செய்யும் தைவானின் ஃபெங் டே குழுமம் செய்யாற்றில் பல ஆண்டுகளாக ஆலை நடத்துகிறது. சுற்றுக் கிராமங்களின் பெண்கள் கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போய் வருகிறார்கள். உலகின் மிகப் பெரிய விளையாட்டுக் காலணித் தயாரிப்பாளரான பௌ சென் உளுந்தூர்பேட்டைக்கு வர 2023 ஏப்ரலில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்று அரசு சொன்னது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் பனப்பாக்கத்துக்கு இன்னொரு காலணித் தயாரிப்பாளரான ஹாங் ஃபூ வருகிறது. பூசானிலிருந்து இந்தோனேசியாவின் தாங்கெராங்குக்கும் ஹோ சி மின் நகருக்கும் போன அதே பயணத்தின் அடுத்த நிறுத்தம் வட தமிழகம். இதில் பெருமைப்படுவதில் தவறில்லை. மானாவாரி நிலத்தை நம்பிக் கிடந்த மாவட்டங்களுக்கு மாதச் சம்பளம் பெரிய விஷயம். ஆனால் அதே 2023 ஏப்ரலில்தான், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. முதலீட்டை ஈர்க்க நாம் எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தோம் என்பதற்கு அந்தச் சில நாட்கள் சாட்சி.

வேறு வழி உண்டு என்பதற்கும் சாட்சி நம்மிடமே இருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் 2021-இல் கொல்லப்பட்டதற்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. ஆலை நிர்வாகத்தோடு எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு பிராண்டுகளும் அதில் கட்டுப்பட்டன. பாலியல் தொல்லையைக் கவனிக்க ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். ஆலை வாக்கு மீறினால் பிராண்ட் தன் வியாபாரத்தின் மூலம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. விதி எழுதும் கையையும் விலை பேசும் கையையும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட வைத்த ஒப்பந்தம் அது. துணி ஆலையில் முடிந்தது காலணி ஆலையில் முடியாமல் போகக் காரணம் இல்லை.

எனவே தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. மானிய நிலமும் மின்சாரச் சலுகையும் தரும்போது, எந்த பிராண்டுக்காக ஆலை இயங்குகிறது என்ற பெயரையும், தொடக்கநிலைத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தையும் பகிரங்கமாக வெளியிடச் சொல்லுங்கள். சங்கம் அமைத்ததற்காக எவரும் வேலை இழக்கமாட்டார் என்ற உறுதியை ஆலையிடமும் பிராண்டிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஆலை மூடினால் தொழிலாளியின் பாக்கிக்குப் பிராண்டும் பொறுப்பு என்று அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். இவற்றைக் கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆலை கட்டி முடித்து ஆள் எடுத்த பிறகு கேட்டால் அப்படியும் நேரலாம். கையெழுத்துக்கு முன்பு, வியட்நாமுக்கு மாற்று இடம் தேடி பிராண்டுகள் அலைந்துகொண்டிருக்கும் இந்தச் சமயத்தில், பேரத்தில் நம் கை தாழ்ந்ததல்ல. செய்யாற்றிலும் உளுந்தூர்பேட்டையிலும் பனப்பாக்கத்திலும் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.